சேர்வராயன் ஓடை மணலுக்கு வயது காண்பது எப்படி: குவார்ட்ஸ் துகளில் சிக்கிய ஒளியைக் கொண்டு ஒரு செயல்முறை

சேலம் மாவட்டத்தில் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி ஆகியவற்றின் கரைகளில் நடந்தவர்கள், ஆறு தானே அறுத்துவிட்ட மண்சுவர்களைப் பார்த்திருப்பார்கள். அடியில் கூழாங்கல், அதன்மேல் பருமணல், அதற்கும் மேலே நயமான வண்டல், உச்சியில் இன்றைய உழவுமண் என்று ஏடு ஏடாக நிற்கும் அந்தச் சுவரில் ஒவ்வோர் ஏடும் ஏதோ ஒரு வெள்ளம் விட்டுச்சென்ற எச்சம். அந்த வெள்ளம் எப்போது வந்தது என்று அறியக் கரித்துண்டு கிடைத்தால் கரிமக் காலக்கணிப்பு செய்யலாம். ஆனால் மணலில் கரி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அது மேட்டில் எங்கோ பல நூறு ஆண்டுகள் கிடந்து பின்னர் அடித்துவரப்பட்ட கரியாக இருக்கக்கூடும். ஒளித்தூண்டல் ஒளிர்வு முறையோ மணலிலிருந்தே அதன் வயதைக் கேட்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில் சிவகளைப் பானை ஓடுகளுக்கு இம்முறை பயன்பட்டதால் இதன் பெயர் பலருக்கும் அறிமுகமாகியிருக்கும். பானையில் வயதைக் காட்டும் கடிகாரத்தைத் துடைத்துச் சுழியத்தில் வைப்பது சூளையின் நெருப்பு. ஆற்று மணலில் அந்த வேலையைச் செய்வது வெயில். வெயில் தன் வேலையை முழுதாகச் செய்ததா என்ற ஐயம்தான் சேர்வராயன் மலையடிவாரத்தில் இந்த முறையின் முதல் சிக்கல், பெரும்பாலும் கடைசிச் சிக்கலும் அதுவே.

முதலில் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். எல்லா மண்ணிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்க அணுக்கள் மிகச் சிறிய அளவில் உண்டு. அவற்றின் கதிர்கள் அருகிலுள்ள குவார்ட்ஸ் துகளில், அதாவது நம் ஊரில் வெங்கச்சாங்கல் எனப்படும் கல்லின் பொடியில், எலக்ட்ரான்களை இடம்பெயர்க்கின்றன. அவற்றுள் சில, படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிக்கொண்டு அங்கேயே தங்குகின்றன (இந்தக் குறைபாடுகளைப் பொறிகள் என்போம்). மணல் புதைந்து கிடக்கும் காலம் நீள நீளச் சிக்கிய எலக்ட்ரான்களும் கூடுகின்றன. நல்ல வெயில் பட்டால், எளிதில் வெளியேறும் பகுதி சில நொடிகளிலேயே காலியாகிவிடும். ஆய்வகத்தில் சூரியனுக்குப் பதிலாக நீல ஒளியைப் பாய்ச்சினால், வெளியேறும் எலக்ட்ரான்கள் புற ஊதாப் பகுதியில் மெல்லிய ஒளியை விடுகின்றன. அந்த ஒளியின் அளவிலிருந்து துகள் ஏற்ற மொத்தக் கதிர்வீச்சைக் கிரே என்னும் அலகில் கணக்கிடுகிறோம். அதை ஆண்டுதோறும் அந்த மண் தந்த கதிர்வீச்சின் அளவால் வகுத்தால் வயது கிடைக்கும். படிவுகளுக்கு ஒளியால் வயது காணும் இந்த வழியை 1985இல் ஹன்ட்லி உள்ளிட்ட மூவர் முன்வைத்தனர்.

ஓர் எடுத்துக்காட்டு, எண்கள் கற்பனையானவை: மொத்தம் 5.4 கிரே, ஆயிரம் ஆண்டுக்கு 1.8 கிரே எனில் வயது 3,000 ஆண்டு. கணக்கு இவ்வளவுதான், இந்த இரண்டு எண்களையும் நேர்மையாகப் பெறுவதற்குத்தான் பல மாத உழைப்பு.

இடத்தைத் தேர்தல்

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும், சேலம் நகரம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் உள்ளன. இடையில் இறங்கும் ஓடைகள் மிகக் குட்டையானவை. மலையில் அடைமழை கொட்டினால் சில மணி நேரத்தில் செந்நீர் அடிவாரத்துக்கு வந்துவிடும். மழை மாலையில் பிடித்தால் மணலின் பயணம் முழுவதும் இரவிலேயே முடிந்துவிடலாம். பகலில் வந்தாலும் கலங்கிய நீர் முதலில் விழுங்குவது குவார்ட்ஸைத் துடைப்பதில் வல்லமை கொண்ட நீல, ஊதாக் கதிர்களைத்தான். ஆகவே பழைய ஒளிர்வை முழுதாக இழக்காத துகள்களும் அந்த ஏட்டில் கலந்து படியும். அவை உண்மை வயதைக் காட்டிலும் அதிக வயதைச் சொல்லும்.

இரண்டாவது தொல்லை துகளின் மங்கல். சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் பாறையால் ஆனது (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு நாட்டிய கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இட்ட பெயர் இது). பாறையிலிருந்து அப்போதுதான் உதிர்ந்த குவார்ட்ஸ், கதிர்வீச்சை ஏற்றாலும் ஒளியாகத் திருப்பித் தருவதில் கஞ்சத்தனம் காட்டும். வெயிலில் காய்வதும் மண்ணில் புதைவதும் பலமுறை நடந்த பிறகே அது பிரகாசமான துகளாகப் பழகுகிறது. எனவே கிளியூர் அருவிக்குக் கீழே, பாறாங்கற்களுக்கிடையில் தேங்கிய மணலை எடுத்துவந்து வயது கேட்பதைப் பரிந்துரைக்க மாட்டேன். அழகான இடம், மோசமான மாதிரி.

சமவெளியில் ஆறு தளர்ந்து, மணல் திட்டுகளை இட்டு, அவற்றைப் பகலில் காயவிட்டு, அடுத்த வெள்ளத்தில் மீண்டும் நகர்த்தும் பகுதிகளே நமக்கு ஏற்றவை. ஓமலூருக்குக் கீழே சரபங்காவின் கரைகளும், ஆத்தூர்ப் பக்கத்து வசிஷ்ட நதிக் கரைகளும் இந்த நோக்கில் பார்க்கத் தகுந்தவை. சேலம் நகருக்குள் திருமணிமுத்தாற்றங்கரையைத் தவிர்ப்பது நல்லது. அங்கே கரை என்று தோன்றுவதில் பெரும்பகுதி கட்டட இடிபாடும் கொட்டிய மண்ணும்தான். ஆற்றை விட்டுக் கரட்டோரச் சரிவுமண்ணை எடுக்க நினைப்போர், மாக்னசைட் எடுக்கும் கரடுகளைச் சேர்ந்த டியூனைட் பாறையில் குவார்ட்ஸே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கஞ்சமலையில் நிலைமை வேறு; அங்குள்ள காந்த இரும்புப் பாறையில் குவார்ட்ஸ் உண்டு, கூடவே காந்தத்தில் ஒட்டும் கருமணலும் நிறைய வரும்.

சுவரில் ஏட்டைத் தேரும்போது, மேலும் கீழும் 30 சென்டிமீட்டருக்கு ஒரே சீரான மணல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். காமாக் கதிர் ஏறத்தாழ அந்தத் தொலைவிலிருந்து துகளை எட்டும் என்பதால், பக்கத்திலேயே பெருங்கல்லோ களிமண் ஏடோ இருந்தால் கணக்கு சிக்கலாகும். படிவின் மெல்லிய கோடுகள் கலையாமல் தெரிவது நல்ல அறிகுறி. நண்டு வளை, கரையான் புற்று, வேர் ஓடிய தடம் ஆகியவை மேல்மணலைக் கீழே இறக்கிவிடுவதால் அந்த இடங்களை விட்டுவிட வேண்டும். சுக்கான்கல் முடிச்சுகள் நம் பக்கத்து மண்ணில் சாதாரணம். அவற்றைத் தவிர்க்க முடியாது, ஆனால் எவ்வளவு இருக்கின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் சுண்ணாம்பு பிற்காலத்தில் வந்து துகள்களின் இடைவெளியை நிரப்பியிருந்தால், அதற்கு முன் அந்த மணல் ஏற்ற கதிர்வீச்சு இன்று நாம் அளப்பதிலிருந்து வேறுபட்டிருக்கும்.

குழாயை இறக்குதல்

மழை ஓய்ந்து கரை காய்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் வேலைக்கு வசதி. போகும் முன் கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். உரிய துறையின் அனுமதிக் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். ஆற்றோரத்தில் சம்மட்டியும் குழாயும் சாக்குமாக நிற்பவரை மணல் திருட வந்தவர் என்று ஊர் நினைப்பதில் வியப்பில்லை, அந்த விழிப்பு ஆற்றுக்கு நல்லதும்கூட.

ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் விட்டமும் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட இரும்புக் குழாயோ, வெளிச்சம் ஊடுருவாத தடித்த பிளாஸ்டிக் குழாயோ போதும். சுவரின் முகத்தை 20, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கி, வெயில் படாத புதிய முகத்தை வெளிக்கொணர வேண்டும். குழாயின் பின்வாயில் கறுப்புத் துணியை அடைத்து, கிடைமட்டமாக, மணல் முழுவதும் நிறையும்வரை அடிக்க வேண்டும். குழாய் நிறையாவிட்டால் வண்டியின் குலுக்கலில் முனை மணலும் நடு மணலும் கலந்துவிடும். வெளிச்சம் பட்ட மணல் முனையில்தான் இருக்கிறது என்ற நம் அடிப்படையே அதோடு போய்விடும். வெளியே எடுத்ததும் இரு வாயையும் அலுமினியத் தாளால் மூடி, கறுப்பு நாடாவைப் பல சுற்று சுற்றி, ஏட்டின் பெயர், ஆழம், திசை, நாள் ஆகியவற்றை எழுதுங்கள். ஒருமுறை மலிவான நாடாவை நம்பி, குழாய்களை மதிய வெயிலில் வண்டியிலேயே விட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பசை இளகி, இரண்டு குழாய்களின் வாய் திறந்து கிடந்தது. அந்த இரண்டு ஏடுகளுக்காக மீண்டும் ஒரு நாள் அலைய வேண்டியிருந்தது.

குழாயைச் சுற்றி 30 சென்டிமீட்டர் வட்டத்திலிருந்து ஒரு கிலோ அளவுக்கு மண்ணைத் தனிப் பையில் எடுங்கள். கதிர்வீச்சு அளவுக்கு அது தேவை. நீரின் அளவைக் காணக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு பிடி போதும். நில மட்டத்திலிருந்து ஆழம், கடல் மட்டத்திலிருந்து உயரம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றையும் குறிக்க வேண்டும், ஏனெனில் அண்டக் கதிரின் பங்கு இவற்றைப் பொறுத்தது.

இத்தனைக்கும் மேலாக, பலரும் விட்டுவிடும் ஒரு மாதிரி உண்டு: இந்த ஆண்டு வெள்ளம் இட்ட மணல். அதே ஆற்றில், அதே போன்ற திட்டிலிருந்து, மேல்தோலைச் சுரண்டிவிட்டு அதற்குச் சற்றுக் கீழே ஒரு குழாய் எடுங்கள். அதன் உண்மை வயது நமக்குத் தெரியும். அது ஏறத்தாழச் சுழியம் காட்ட வேண்டும். அதில் 0.6 கிரே மிச்சம் இருந்தால், நம் கற்பனைக் கணக்கின்படி இந்த ஆறு தன் மணலுக்கு 330 ஆண்டு வரை பொய் வயது சேர்க்கிறது என்று பொருள். பத்தாயிரம் ஆண்டுப் படிவுக்கு அது பொருட்டில்லை. நானூறு ஆண்டுப் படிவுக்கு அது பெரும்பிழை. பழைய ஏட்டின் வயதைக் கேட்கும் முன் ஆற்றின் நாணயத்தைச் சோதிக்கும் இந்த ஒரு குழாய், என் கணிப்பில் மற்ற எல்லாக் குழாய்களையும்விட மதிப்புமிக்கது. மலையடி ஓடைகளில் வேலை செய்வோர் இதை முதலில் அளந்துவிட்டு, அதன்பிறகே மற்றவற்றுக்குச் செலவு செய்யலாம்.

இருட்டறையில்

இனி வரும் வேலை மங்கிய சிவப்பு அல்லது ஆம்பர் விளக்கில் நடக்க வேண்டும். பழைய போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் இரு முனையிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மணலை ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். சேலத்து மணலில் நுரை அடங்க நெடுநேரம் ஆகும், அவசரப்பட வேண்டாம். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு வேர், இலைத் துணுக்குகளை அரிக்கும். கழுவி உலர்த்திச் சலித்து, 90 முதல் 150 மைக்ரான் வரையோ 180 முதல் 250 மைக்ரான் வரையோ ஏதேனும் ஒரு குறுகிய அளவை எடுத்துக்கொள்கிறோம்.

நம் மணலில் கருமணல் மிகுதி. காகிதம் சுற்றிய சாதாரணக் காந்தமே மேக்னடைட்டை இழுத்துவிடும். ஹைப்பர்ஸ்தீன் போன்றவற்றுக்கு மின்காந்தப் பிரிப்பான் வேண்டும், காக்காப்பொன் துகள்களில் பெரும்பகுதியும் அதில் ஒதுங்கும். எஞ்சியவற்றில் குவார்ட்ஸையும் ஃபெல்ஸ்பார் என்னும் மற்றொரு கனிமத்தையும் பிரிக்கச் சோடியம் பாலிடங்ஸ்டேட் என்னும் கனமான கரைசல் பயன்படுகிறது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65; ஆகவே 2.62 அடர்த்தியுள்ள கரைசலில் மூழ்கி 2.70 அடர்த்தியுள்ளதில் மிதப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிளேஜியோகிளேஸ் வகை ஃபெல்ஸ்பாரில் சில இதே எல்லைக்குள் வருவதால், சார்னோக்கைட் மணலுக்கு இந்தப் பிரிப்பு மட்டும் போதாது.

எனவே 40 விழுக்காடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 40 முதல் 80 நிமிடம். இது எஞ்சிய ஃபெல்ஸ்பாரைத் தின்னும். குவார்ட்ஸ் துகளின் மேல்தோலில் ஏறத்தாழ 10 மைக்ரானையும் அரிக்கும். ஆல்ஃபாக் கதிர் அந்தத் தோலைத்தான் தாக்கியிருக்கும் என்பதால், தோல் போனதும் ஆல்ஃபாவைக் கணக்கில் பெரும்பாலும் விட்டுவிடலாம். இந்த அமிலத்தைப் பற்றி ஒரு கண்டிப்பு தேவை: இது கண்ணாடியையே கரைப்பது, தோலில் பட்டால் பல நேரம் உடனே எரிச்சல் தெரியாது, உள்ளே போய் எலும்பின் கால்சியத்தையும் இரத்தத்தின் கால்சியத்தையும் பிடிக்கும், உயிரையும் எடுக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமலும், புகையை வெளியேற்றும் பேழையும் உரிய கையுறையும் முகக்கவசமும் பழகிய துணையாளும் இல்லாமலும் இதைத் தொடவே கூடாது. கல்லூரி ஆய்வகத்தில் வசதி இல்லையென்றால் குழாயை மூடியபடியே அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம், டேராடூன் வாடியா நிறுவனம், லக்னோ பீர்பால் சாகினி நிறுவனம் போன்ற, இத்துறையில் பழக்கமுள்ள இடங்களுக்கு எழுதிக் கேட்டு அனுப்புவதே முறை. அமிலத்துக்குப் பிறகு மீண்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, மீண்டும் ஒருமுறை சலிக்க வேண்டும்.

ஒளியை அளத்தல்

இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது மரேயும் வின்ட்லும் 2000இல் வகுத்த ஒற்றைப் பங்கு மீட்டளவு முறை. சிறு தட்டில் சிலிக்கான் எண்ணெய் தடவி, அதன் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் துகள்களைப் பரப்புகிறோம். கருவி முதலில் தட்டைச் சூடாக்கி, நிலையற்ற பொறிகளைக் காலி செய்கிறது. பிறகு 125 டிகிரி செல்சியஸில் வைத்து 40 நொடி நீல ஒளியைப் பாய்ச்சி, துகள் இயற்கையாகச் சேர்த்துவைத்த ஒளிர்வை அளக்கிறது. சூடாக்குவதும் ஒளி பாய்ச்சுவதும் துகளின் உணர்திறனையே மாற்றிவிடும் என்பதால், ஒவ்வோர் அளவுக்குப் பின்னும் ஒரே அளவான சிறு சோதனைக் கதிர்வீச்சைக் கொடுத்து, அதற்கு வரும் ஒளியால் வகுக்கிறோம். இந்த வகுத்தல்தான் முறையின் உயிர். அடுத்து ஸ்ட்ரான்சியம்-90 மூலத்தால் தெரிந்த அளவுகளைப் படிப்படியாகக் கொடுத்து ஒரு வளைகோடு வரைந்து, இயற்கை ஒளிர்வு அதில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் கிரே கணக்கு வந்துவிடும்.

நம்பலாமா என்று கேட்கச் சில சோதனைகள் உள்ளன. கொடுத்த அளவையே மீண்டும் கொடுத்தால் விடை 0.9 முதல் 1.1 வரைக்குள் ஒத்துவர வேண்டும். ஒன்றுமே கொடுக்காதபோது வரும் ஒளி, இயற்கை ஒளிர்வில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் குவார்ட்ஸ் ஏறத்தாழ மௌனமாக இருக்கும். ஒளி வந்தால் ஃபெல்ஸ்பார் இன்னும் ஒளிந்திருக்கிறது, அமிலத்துக்குத் திரும்புங்கள். சூடாக்கும் வெப்பநிலையை வேறோர் ஊர் மணலுக்கான கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்காமல், தெரிந்த அளவைக் கொடுத்து அதைத் திரும்பப் பெறும் சோதனையின் மூலம் இந்த மணலுக்கென்றே தீர்மானிக்க வேண்டும்.

இனி, வெயில் முழுதாகத் துடைக்காத துகள்களைப் பிரித்தறிய வேண்டும். ஒரு தட்டில் ஆயிரக்கணக்கான துகள்களைப் பரப்பினால் எல்லாம் சராசரியாகிக் கலப்பு தெரியாமல் போகும். எனவே ஒரு தட்டில் இடும் பங்கு சிறிதாக இருக்க வேண்டும், முடிந்தால் துகள் துகளாக அளக்க வேண்டும். அதற்கென நூறு நுண்குழிகள் கொண்ட தட்டுகள் உண்டு. நம் மலை மணலில் நூற்றில் ஒரு சில துகள்களே படிக்கத்தக்க ஒளி தரக்கூடும் என்பதால், பல நூறு துகள்களை அளக்கும் பொறுமை வேண்டும். கிடைத்த விடைகள் நெருக்கமாகக் குவிந்தால் மைய வயது மாதிரி என்னும் புள்ளியியல் கணக்கைப் பயன்படுத்தலாம். ஒரு பக்கம் வால் நீண்டு, பெரிய எண்களை நோக்கிச் சிதறினால், 1999இல் கால்பிரெய்த் முதலானோர் தந்த குறைந்தபட்ச வயது மாதிரியே பொருந்தும், ஏனெனில் நன்றாக வெயில் கண்ட துகள்களின் குரல் கீழ்முனையில்தான் கேட்கும். ஆனால் கீழ்முனையில் கரையான் இறக்கிய இளந்துகளும் இருக்கலாம் என்பதால், களத்தில் எழுதிய குறிப்பைப் பார்க்காமல் கணினி தரும் எண்ணை ஏற்கக் கூடாது.

வகுக்கும் எண்

மண்ணின் யுரேனியம், தோரியம், பொட்டாசிய அளவைக் காமா நிறமாலைமானியால் அளப்பது வழக்கம். ரேடான் வாயு சமநிலை அடைய மாதிரியை மூன்று வாரத்துக்கு மேல் அடைத்துவைத்து அளக்க வேண்டும். அதி வெப்பத்தில் உருவான சார்னோக்கைட் போன்ற பாறைகளில் யுரேனியமும் தோரியமும் குறைந்திருப்பது உண்டு. வகுக்கும் எண் சிறியதாகும்போது, அண்டக் கதிரின் பங்கு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு 0.2 கிரே, கணக்கில் கூடுதல் எடை பெறும். ஆழத்தைத் தவறாகக் குறித்தால் அந்தப் பிழை வயதில் தெரியும்.

நீர்தான் இன்னும் வழுக்கலான எண். துகள்களுக்கிடையில் நீர் இருந்தால் அது கதிரின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். மார்ச் மாதத்தில் நாம் எடுத்த பிடிமண்ணில் 5 விழுக்காடு நீர் இருக்கலாம்; ஆனால் அந்த மணல் மூவாயிரம் ஆண்டு மழையையும் கண்டது, ஒரு காலத்தில் நீர்மட்டத்துக்குக் கீழேகூட இருந்திருக்கலாம். சராசரி 15 விழுக்காடு என்று கொண்டால் முன்சொன்ன 1.8 கிரே ஏறத்தாழ 1.64 ஆகக் குறைந்து, 3,000 ஆண்டு 3,300 ஆண்டை நெருங்கும். அளந்த நீரையும் முழுதாக நனைந்தால் கொள்ளும் நீரையும் பார்த்து, இடையில் ஒரு மதிப்பைக் காரணத்தோடு தேர்ந்து, தாராளமான பிழை எல்லையோடு எழுதுவதே சரி.

மேல் எல்லையும் உண்டு. 150 முதல் 200 கிரே வரை ஏற்றதும் குவார்ட்ஸின் பொறிகள் நிறைந்துவிடும். நம் கற்பனை மண்ணில் அது 80,000 ஆண்டு முதல் 1,10,000 ஆண்டு வரை. அதற்கும் பழைய படிவுக்கு ஃபெல்ஸ்பாரையே அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வழியை நாட வேண்டும். அத்திரம்பாக்கத்துக் கல்லாயுத ஏட்டுக்கு 2018இல் வெளியான ஏறத்தாழ 3,85,000 ஆண்டு அவ்வழியில் வந்தது.

விடையை எழுதும்போது பிழை எல்லையையும் அளந்த ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள், ஏனெனில் கரிமக் காலக்கணிப்பைப் போல இது 1950இலிருந்து பின்னோக்கி எண்ணுவதில்லை. எந்த வயது மாதிரி, எவ்வளவு நீர், இவ்வாண்டு மணலில் எவ்வளவு மிச்சம் என்பவற்றையும் அதே பட்டியலில் தர வேண்டும். அளந்தபின் எஞ்சிய மணலைக் கறுப்பு உறையில் கட்டி, களக் குறிப்போடு இருட்டில் வைத்துவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து யாராவது அந்த எண்ணை ஐயுற்றால், அவர்களுக்குக் கொடுக்க அதே ஏட்டின் ஒரு கைப்பிடி மணல் இருக்கும்.